கொஞ்சமாக வையுங்கள், அடிக்கடி மாற்றுங்கள்: உப்புநீர்த் தொட்டிக்காரருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு வாவிக்கரையிலும் வாழைச்சேனை, கல்குடாக் கரைகளிலும் உப்புநீர் மீன்தொட்டி வைத்திருப்போருக்கும், கடல் அலங்கார மீன்களைப் பிடித்துத் தேக்கி வைத்து விற்போருக்கும் வணக்கம்.

தொட்டியின் பில்டருக்குள் சிறு பையில் கட்டிப் போடும் செயலூட்டிய கரியைப் பற்றி, கடையில் நீங்கள் 'காபன்' என்று கேட்டு வாங்கும் அந்தக் கறுப்பு மணிகளைப் பற்றி எழுதுகிறேன். இதில் நம்மவர்கள் இரு பக்கமாக நிற்கிறார்கள். ஒரு பக்கத்தார் காபனை ஒருமுறை போட்டுவிட்டால் அதன் பிறகு திரும்பிப் பார்ப்பதில்லை. பை மாதக்கணக்கில் பில்டருக்குள்ளேயே கிடக்கும். மறுபக்கத்தார் காபன் மீனின் தலையைப் புண்ணாக்கும், நீரிலுள்ள சத்தை உறிஞ்சிவிடும் என்று சொல்லி அதைத் தொடுவதே இல்லை. இரண்டுமே தவறு என்பது என் வாதம். தேங்காய்ச் சிரட்டையில் செய்த நல்ல காபனைக் குறைந்த அளவில், நன்கு கழுவி, சில வாரங்களுக்கு ஒருமுறை தவறாமல் மாற்றிப் பயன்படுத்துவதே நம் பகுதித் தொட்டிகளுக்கு ஏற்றது. ஏன் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். எதிர்த்துச் சொல்லப்படுவனவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், இது ஏன் பொருட்படுத்த வேண்டிய விடயம் என்பதைச் சொல்ல வேண்டும். நன்னீர் அலங்கார மீன்களுள் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. கடல் அலங்கார மீன்களின் நிலை வேறு. உலகச் சந்தையில் விற்கப்படும் கடல் அலங்கார மீன் வகைகளுள் மிகப் பெரும்பாலானவை இன்றும் பவளப்பாறைகளிலிருந்து பிடிக்கப்படுபவையே. கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் நம் கரையில் சுழியோடிகள் பிடிக்கும் மீன்களும் அப்படித்தான். 1998இல் இந்து சமுத்திரம் சூடேறியபோது இலங்கையின் ஆழம் குறைந்த பவளப்பாறைகள் பல வெளிறி மடிந்தன; 2016இல் மீண்டும் வெளிறல் வந்தது. இத்தனை அடிபட்ட பாறைகளிலிருந்து எடுத்துவந்த மீன் ஒன்று தொட்டியில் செத்தால், அதன் இடத்தை நிரப்ப இன்னொரு மீன் அதே பாறையிலிருந்துதான் வரும். ஆகவே தொட்டி நீரின் தரம் என்பது வீட்டின் அழகு பற்றிய விடயம் மட்டுமல்ல. பிடித்த மீனை உயிரோடு வைத்திருப்பது, பிடித்தவருக்கும் வாங்கியவருக்கும் உரிய கடமை.

காபன் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சரியாக விளங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சிரட்டையைக் காற்றுப் படாமல் கரியாக்கி, பின்னர் 800 முதல் 1,000 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் நீராவியைச் செலுத்தும்போது கரிக்குள் கணக்கற்ற நுண்துளைகள் உண்டாகின்றன. ஒரு கிராம் சிரட்டைக் காபனின் உட்பரப்பை விரித்துப் போட முடிந்தால் அது ஏறக்குறைய 1,000 சதுர மீற்றர் வரும். நீரில் கரைந்துள்ள சேதனப் பொருள்கள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. பாடப்புத்தகம் இதைப் புறத்துறிஞ்சல் என்கிறது. மீனின் சளி, உண்ணாமல் கரைந்த தீனி, பாசியும் பவளமும் வெளியிடும் பொருள்கள், நீரை மஞ்சளாக்கும் சாயங்கள், மருந்துகள் ஆகியவற்றை இவ்வழியில் காபன் நீக்கும். நீக்காதவற்றையும் அதே அளவு தெளிவாக மனதில் வைக்க வேண்டும். அமோனியா, நைத்திரைற்று, நைத்திரேற்று ஆகிய மூன்றையும் உப்புநீரில் காபன் நீக்காது. அவற்றை மாற்றுவது கற்களிலும் மணலிலும் வாழும் பக்டீரியாக்களின் வேலை. மிஞ்சும் நைத்திரேற்றைக் குறைப்பது நீர் மாற்றும் கையின் வேலை. புதிய தொட்டியில் அமோனியா ஏறும்போது ஒரு பிடி காபனைப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர் மீனைத்தான் பலி கொடுக்கிறார்.

சேதனப் பொருள் சேர்ந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். நீர் மஞ்சளாவது கண்ணுக்குத் தெரிந்த அடையாளம் மட்டுமே. டேவிட் கிளைன், ஃபொரெஸ்ட் ரோவர் ஆகியோரின் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், பனாமாக் கடலின் பவளங்களுக்குக் கரைந்த சேதனப் பொருளின் அளவைக் கூட்டிப் பார்த்தபோது, பவளத்தின் சளிப்படலத்தில் வாழும் நுண்ணுயிர்கள் பெருகிப் பவளங்கள் இறந்தன. சேதனப் பொருள் மிகக் குறைந்த நீரில் வாழப் பழகிய உயிர்கள் அவை. நம் தொட்டியோ சிறியது, மூடியது, தினமும் தீனி விழும் இடம். நுரை எழுப்பி அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மர் இருக்கிறதே, அது போதாதா என்பவர்களுக்கும் அளந்து பெற்ற பதில் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியற் பேராசிரியர் கென் ஃபெல்ட்மனும் அவருடன் உழைத்தவர்களும் தொட்டி நீரின் சேதனப் பொருளை அளந்தார்கள். ஸ்கிம்மர்கள் அதில் ஏறக்குறைய 5இல் 1 பங்கு முதல் 3இல் 1 பங்கு வரைதான் எடுத்தன. நுரையில் ஏறக்கூடியதை மட்டுமே ஸ்கிம்மரால் பிடிக்க முடியும் என்பதே காரணம். காபன் பாதிக்கும் மேலாக எடுத்தது. ஸ்கிம்மர் இல்லாத சிறு தொட்டிகளுக்கும் கடைகளின் தேக்கத் தொட்டிகளுக்கும் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

காபன் பிடிக்கும் பொருள்களில், அளவில் சிறியதானாலும் ஆபத்தில் பெரிய இன்னொரு கூட்டமும் இருக்கிறது. மென்பவளங்கள் இடத்துக்காக ஒன்றோடொன்று போரிடும்போது தர்ப்பீன் வகை நஞ்சுகளை நீரில் விடுகின்றன. கடலில் அவை அலையோடு கரைந்து போகும், தொட்டியில் அடுத்த பவளத்தின் மேல் போய் நிற்கும். கடலட்டை நசுங்கினாலோ இறந்தாலோ வெளிவரும் சப்போனின் நஞ்சு தொட்டி மீன்கள் அத்தனையையும் கொல்ல வல்லது. வெருண்ட பெட்டிமீனின் தோலிலிருந்து வரும் நஞ்சும் அப்படியே. இத்தகைய விபத்து நேர்ந்தபின் கடைக்கு ஓட நேரம் இருக்காது. ஓடும் பில்டரில் உயிர்ப்புள்ள காபன் ஏற்கெனவே இருப்பதும், மேலதிகமாக ஒரு பொதி அலுமாரியில் இருப்பதும் உயிர்காப்பு. உடனடி நீர் மாற்றமும் புதிய காபனும் சேர்ந்தே அந்த வேளையில் பலன் தரும்.

இனி நம் பகுதிக்கு மட்டுமே உரிய ஒரு மறுப்பு. "வாசலில் வாவி, கூப்பிடு தூரத்தில் கடல்; நினைத்தபோது நீரை அள்ளி மாற்றலாமே, காபன் எதற்கு?" நீர் மாற்றுவதற்கு ஈடு எதுவும் இல்லை என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் எந்த நீரை, எந்த மாதத்தில் என்பதே கேள்வி. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் நம் வாவி கடலோடு தொடுவது பாலமீன்மடு முகத்துவாரத்திலும் கல்லாற்றிலும்தான். கச்சான் வீசும் மாதங்களில் முகத்துவாரத்தை மண் அடைக்கும். வெயிலில் உவர்த்தன்மை இடத்துக்கு இடம் வேறுபடும். மாரி பிறந்ததும் படுவான்கரை வயல்வெளிகளின் வெள்ளம் முழுவதும் வாவிக்குள் இறங்கி, நீர் பல இடங்களில் ஏறக்குறைய நன்னீராகிவிடும். அந்த வெள்ளத்தோடு கண்டல் இலையும் வைக்கோலும் அழுகிய தேநீர் நிறமும், வயலுக்கு அடித்த பீடைநாசினிகளும், எழுவான்கரை நகரங்களின் கழிவுநீரும் சேர்ந்தே வருகின்றன. முகத்துவாரம் வெட்டப்பட்டபின் அதே நீர்தான் கரையோரக் கடலிலும் பரவுகிறது. கார்த்திகையிலும் மார்கழியிலும் அள்ளும் நீரை நேராகத் தொட்டியில் ஊற்றுவது நல்லதைச் செய்வதாக எண்ணிக் கெட்டதைச் செய்வதாகும். கோடையில் திறந்த கடற்பக்கம் அள்ளிய தெளிந்த நீரை மூடிய கலன்களில் சேமித்து வைத்து மாரியில் சிறிது சிறிதாகப் பயன்படுத்துவதும், நீர் மாற்றம் குறையும் அந்த மாதங்களில் சேதனச் சுமையைக் காபனால் கட்டுக்குள் வைப்பதுமே வழி. அள்ளி வந்த நீரையும் தொட்டிக்குள் விடுமுன் காபன் வழியே ஒருநாள் சுற்றவிடலாம். ஆனால் காபனைக் கவசமென்று நம்பி விடாதீர்கள். பல பீடைநாசினிகளைப் பிடிக்கும் காபன், கிளைபோசேற்றை மிகக் குறைவாகவே பிடிக்கும். கழிவுநீரின் அமோனியாவைப் பிடிக்கவே பிடிக்காது. உப்புப்பொதி கரைத்து நீர் தயாரிப்பவர்களுக்கும் காபன் தேவை: குழாய்நீரின் குளோரீனை அது எளிதாக முறிக்கும்.

மிகக் கனமான மறுப்புக்கு வருகிறேன். சர்ஜன் வகை மீன்களின் தலையிலும் பக்கக்கோட்டிலும் தோல் அரித்துக் குழிவிழும் நோய்க்குக் காபன்தான் காரணம் என்ற குற்றச்சாட்டு அது. இதை வெறும் வதந்தி என்று தள்ள முடியாது. அமெரிக்காவின் டொலீடோ விலங்கியற் பூங்காவைச் சேர்ந்த ஜே ஹெம்டாலும் ஆண்ட்ரூ ஓடமும் 2011இல் வெளியிட்ட ஆய்வில் சர்ஜன் மீன்களை மூன்று தொகுதிகளாகப் பிரித்து வளர்த்தார்கள். பழுப்பு நிலக்கரியில் செய்த காபன் ஓடிய தொகுதியின் மீன்களுக்கு நோய் கடுமையாக வந்தது. சிரட்டைக் காபன் குளிசைகளை வைத்த தொகுதியில் அறிகுறி இலேசாகவே தென்பட்டது. காபன் இல்லாத தொகுதியில் நோய் இல்லை. இதிலிருந்து காபனை ஒழிக்க வேண்டும் என்ற முடிவுக்குப் போகுமுன், தொகுதிகளுக்கிடையிலிருந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பழுப்பு நிலக்கரிக் காபன் மென்மையானது. நீரோட்டத்தில் உரசித் தூளாகும். அந்தத் தூள் நீரெங்கும் பரவி மீனின் உடலைத் தொடும். கடினமான சிரட்டைக் காபன் எளிதில் தூளாகாது. தூளே முழுக் காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆனாலும் எச்சரிக்கையுள்ளவர் எடுக்கக்கூடிய முடிவு தெளிவாகவே இருக்கிறது. மென்மையான காபனை வாங்க வேண்டாம். கழுவாமல் போட வேண்டாம். மணிகள் கொதிப்பதுபோல் உருளும் விதமாக நீரை வேகமாகச் செலுத்த வேண்டாம். தேவைக்கு மேல் வைக்க வேண்டாம். நம் கடலின் விலைமதிப்புள்ள பவுடர் புளூ ஒரு சர்ஜன் மீன். அதை வைத்திருப்போர் தொட்டியில் இலேசான அரிப்புக் கண்டாலும் காபனை உடனே எடுத்துவிட்டுத் தீனியையும் நீரையும் சீராக்கிப் பார்க்க வேண்டும். இந்த வகை மீனுக்குக் காபனைத் தொடர்ந்து வைக்காமல், நீர் மஞ்சளாகும்போது சில நாள் மட்டும் வைத்தெடுப்பதும் நியாயமான வழி.

காபன் சுவடு மூலகங்களைக் கவர்ந்துவிடும் என்பது அடுத்த மறுப்பு. ஓரளவு உண்மை. அயடீனின் ஒரு பகுதியும், சேதனப் பொருளோடு பிணைந்திருக்கும் உலோகங்களும் காபனில் ஒட்டும். ஆனால் கல்சியம், மக்னீசியம், காரத்தன்மை போன்ற, பவளம் உடலைக் கட்டப் பயன்படுத்தும் பெரும்பொருள்களைக் காபன் தொடாது. குறையும் சிறு அளவுகளை ஒழுங்கான நீர் மாற்றமும் நல்ல தீனியும் ஈடு செய்யும். நீரே மாற்றாமல் காபனை மட்டும் நம்பும் தொட்டியில்தான் இந்தக் குறை நோயாக முற்றும். அப்படியானால் பிழை காபனுடையதல்ல, நீர் மாற்றாததுடையது.

"பழைய காபன் பிடித்ததை எல்லாம் திரும்பக் கக்கிவிடும்" என்றும் சொல்கிறார்கள். தொட்டியின் வழமையான நிலையில் ஒட்டியவற்றில் பெரும்பகுதி ஒட்டியபடியே இருக்கும். ஒரே நாளில் கொட்டிவிடாது. உண்மையான தீங்கு வேறு. துளைகள் நிரம்பிய காபன் நனைந்து ஊறிய துணியைப் போன்றது. அதனால் துடைக்க முடியாது, ஆனால் துடைக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம். இதற்கிடையில் அதன் மேற்பரப்பில் அழுக்குப் படிந்து பக்டீரியா குடியேறும். மின்சாரம் போய்ப் பம்பு நின்றால் மூடிய பில்டருக்குள் அந்தப் பக்டீரியா ஒட்சிசனைத் தீர்த்துவிட்டு அழுகும்; மின்சாரம் வந்ததும் அந்த நாறிய நீர் முழுவதும் மீன் மேல் பாயும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டைக் கண்ட நாட்டில் இதை விளக்கத் தேவையில்லை. பல மாதம் கிடந்த பையை விட இரண்டு மூன்று வாரப் பை இந்த ஆபத்தில் எவ்வளவோ மேல். பழையதை வெயிலில் காயவைத்தோ அடுப்பில் வறுத்தோ மீளப் பயன்படுத்தலாம் என்ற யோசனையும் பலிக்காது. துளைகளைத் திறக்கத் தொழிற்சாலை உலையின் வெப்பமும் நீராவியும் வேண்டும்; வீட்டு அடுப்பு கரியின் ஈரத்தை மட்டுமே போக்கும்.

அதே காரணத்தால்தான், எழுவான்கரையில் சிரட்டைக்குப் பஞ்சமில்லை, வீட்டிலேயே சுட்ட கரியைப் போட்டால் என்ன என்ற கேள்விக்கும் வேண்டாம் என்றே பதில் சொல்கிறேன். அடுப்புக் கரியில் உட்பரப்பு மிகக் குறைவு. அதோடு தார்ப்பொருளும், நீரின் பீ.எச். அளவை ஏற்றக்கூடிய சாம்பலும் இருக்கும். பணத்தை மிச்சப்படுத்த வேறு வழி இருக்கிறது. ஹேகார்ப் நிறுவனம் 1973இல் தொடங்கப்பட்ட காலத்திலிருந்து சிரட்டைக் காபனை உலகுக்கு அனுப்பும் நாடு நம்முடையது. குடிநீர் வடிகட்டிகளுக்கென உள்ளூரில் விற்கப்படும் நீராவிச் செயலூட்டம் பெற்ற சிரட்டைக் காபன், மீன்படம் அச்சிட்ட வெளிநாட்டுப் போத்தலுக்கு எவ்விதத்திலும் குறைந்ததாக இருக்க வேண்டியதில்லை. வாங்கும்போது மூன்று விடயங்களைக் கேளுங்கள். முதலாவது, வெள்ளி ஏற்றிய காபனா? கிருமி வளராமலிருக்கச் சில குடிநீர் வடிகட்டிக் காபனில் வெள்ளி சேர்ப்பார்கள். இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் வெள்ளி நஞ்சு. அப்படியானதை இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். இரண்டாவது, மணியின் அளவு: ஒரு மில்லிமீற்றர் அளவான சிறு மணிகள் பெரிய துண்டுகளைவிட விரைவாக வேலை செய்யும். மூன்றாவது, பொசுபேற்று. சில காபன் வகைகள் பொசுபேற்றை நீரில் விட்டுப் பாசியை வளர்க்கும். ஆர்.ஓ. நீர் ஒரு கோப்பையில் ஒரு கரண்டி காபனை இரவு முழுக்க ஊறவைத்து, காபன் போடாத இன்னொரு கோப்பையோடு பொசுபேற்றுச் சோதனைப் பொதியால் ஒப்பிட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும். பொதியில் எழுதியிருக்கும் அயடீன் எண்ணை மட்டும் நம்பவும் வேண்டாம். அது சிறு துளைகளை அளப்பது. மஞ்சள் நிறத்தைத் தரும் பெரிய மூலக்கூறுகளுக்குப் பெரிய துளைகள் வேண்டும். சிரட்டைக் காபனில் சிறு துளைகளே அதிகம் என்பதால் நிறத்தை நீக்குவதில் அது நிலக்கரிக் காபனைவிடச் சற்று மெதுவானது. கடினத்தன்மைக்காக அந்தக் குறையை ஏற்கலாம். அடிக்கடி மாற்றினால் அந்தக் குறையும் பெரிதாகத் தெரியாது.

கையாளும் முறை எளிது. 100 லீற்றர் நீருக்கு ஏறக்குறைய 20 கிராம், அதாவது இரண்டு இரண்டரை மேசைக்கரண்டி, தொடங்குவதற்குப் போதும். தூள் போய் நீர் தெளியும்வரை நன்னீரில் அலசுங்கள். நெருக்கமான வலைப்பையில் கட்டி, பில்டர் பஞ்சுக்குப் பின்னால், நீர் பையைச் சுற்றிப் போகாமல் அதனூடாகவே செல்லும்படி வையுங்கள். நீண்ட காலம் மஞ்சளாகக் கிடந்த தொட்டியானால் பாதி அளவிலிருந்து தொடங்குங்கள். நீர் திடீரென்று தெளிந்தால் வெளிச்சம் ஒரேயடியாகக் கூடிப் பவளமும் கடற்சாமந்தியும் வெளிறிவிடும். மாற்றும் காலத்தைக் கண்ணாலேயே அறியலாம்: வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டொன்றைத் தொட்டியின் ஓர் ஓரத்தில் வைத்து மறு ஓரத்திலிருந்து நீளவாட்டில் பாருங்கள், வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தால் காபன் முடிந்துவிட்டது. தெரியாவிட்டாலும் நான்கு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். மருந்து போடும் நாட்களில் காபனை எடுத்துவிடுங்கள். இல்லையேல் மருந்து மீனுக்குப் போகாமல் காபனுக்குப் போகும். சிகிச்சை முடிந்ததும் புதியதைப் போட்டு மிச்ச மருந்தை நீக்குங்கள். மருந்து ஏறிய பழைய காபனை வாவியிலோ வடிகாலிலோ கொட்டாமல் கட்டிக் குப்பையில் சேருங்கள்.

தேக்கத் தொட்டி வைத்திருக்கும் வியாபாரிகளுக்குத் தனியாக ஒரு சொல். பிடிபட்ட மீன் பயத்திலும் நெருக்கத்திலும் அதிகம் சளி விடும் இடம் உங்கள் தொட்டி. பொதியிடுவதற்கு முந்திய நாட்களில் புதிய காபன் ஓடும் நீரில் மீன் இருப்பது இழப்பைக் குறைக்கும் மலிவான வழிகளுள் ஒன்று. செலவு என்று தயங்குவோர், ஒரு மாதக் காபனின் விலையையும் வழியில் சாகும் ஒரு பவுடர் புளூவின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

எல்லோரிடமும் நான் கேட்பது இதுதான். இந்த வாரம் உங்கள் பில்டரைத் திறந்து, உள்ளே கிடக்கும் காபன் எப்போது போட்டது என்று பாருங்கள். நாள் நினைவில்லை என்றால் அது பழையது, எடுத்துவிடுங்கள். புதியதைக் கழுவிப் போட்டு, போட்ட திகதியைத் தொட்டியின் கண்ணாடி ஓரத்தில் எழுதி ஒட்டுங்கள். காபனே வேண்டாம் என்றிருந்தவர்கள் சிறு அளவில் ஒரு மாதம் வைத்துப் பார்த்து, மீனின் தோலையும் தீனி எடுக்கும் விதத்தையும் கவனியுங்கள். கெடுதல் கண்டால் நிறுத்துங்கள். கண்டதை உங்களுக்குள் வைத்துக்கொள்ளாமல் மற்றத் தொட்டிக்காரரோடு பகிர்ந்துகொள்ளுங்கள். நம் நீர், நம் வெயில், நம் மாரி ஆகியவற்றுக்குப் பொருந்தும் அறிவு வெளிநாட்டுப் புத்தகங்களில் முழுமையாகக் கிடைக்காது. நாம் சேர்ந்து கவனித்து எழுதி வைத்தால்தான் உண்டாகும்.

அன்புடன்,
வாவிக்கரையிலிருந்து உங்களில் ஒருவர்